கூரைக்குள் ஒரு குழாய்

பழைய செம்பு வெந்நீர் பாய்லர் ஞாபகம் இருக்கிறதா? நடுவில் கரி, சுற்றிலும் தண்ணீர், தலையில் ஒரு புகைக்குழாய். முற்றத்திலோ கொல்லைப்புறத்திலோ உட்கார்ந்திருக்கும். புகை நேராக ஆகாயத்துக்குப் போய்விடும். வம்பே இல்லை.

இங்கிலாந்து குளிர் தேசம். அங்கே பாய்லர் வீட்டுக்குள்தான். சமையலறைச் சுவரில் அலமாரி மாதிரி தொங்கும். கேஸில் எரிந்து, குளிக்க வெந்நீரும் தரும், அறைகளையும் சூடாக்கும். புகை மட்டும் ஒரு குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். அந்தத் துளையில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பூசி அடைத்தாக வேண்டும். வெளியே போன புகை அதே சந்து வழியாகத் திரும்பி வந்துவிடக் கூடாதே!

இத்தனை கெடுபிடி எதற்கு? கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, 1890-களில் இந்த விஷத்தைத் தானே சுவாசித்து, தனக்கு என்னென்ன ஆகிறது என்று குறிப்பெடுத்தார். சரியான ஆள்! சுரங்கத்துக்குள் சின்னப் பிராணிகளைக் கொண்டு போங்கள், மனிதனுக்கு முன்பே அது சுருண்டு விழுந்து எச்சரிக்கும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். 1980-கள் வரை பிரிட்டிஷ் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் இந்த வேலையைப் பார்த்தன.

வீட்டுக்குக் குருவி கிடையாது. சட்டம்தான். அதுவும் சும்மா வரவில்லை. 1968 மே 16, விடியற்காலை. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ போடத் தீக்குச்சி உரசினார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலையே சீட்டுக்கட்டாகச் சரிந்தது. 4 பேர் பலி. (தீக்குச்சி உரசியவர் பிழைத்துக்கொண்டார்!) அதற்குப் பிறகுதான், 1970-ல் கேஸ் வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்ய 'கார்கி' என்ற அமைப்பு வந்தது. 1972-ல் விதிமுறைகள். 1998-ல் இன்னும் கறார். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் 12 மாதத்துக்கு ஒருமுறை பாய்லரையும் புகைக்குழாயையும் சோதிக்க வைத்து, குடியிருப்பவரிடம் சான்றிதழ் நகல் தரவேண்டும்.

எல்லாம் சரி. குழாயைக் கண்ணால் பார்க்கவே முடியாவிட்டால்?

2000-க்குப் பிறகு கட்டிய பல அடுக்குமாடிகளில் அந்தக் கதைதான். பாய்லர் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி, வீட்டின் உள்பக்கமாக இருந்தது. துண்டு துண்டாக இணைத்த புகைக்குழாய், கூரைக்கும் அதன் கீழே அடித்த அட்டைக்கும் நடுவில் ஓடியது. பூசி, வெள்ளையடித்து, மூடியாயிற்று. இணைப்பில் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்ததா, குழாயைத் தாங்கப் பிடிப்புகள் போட்டார்களா? கடவுளுக்கே வெளிச்சம்.

2008 பிப்ரவரி. மேற்கு லண்டனில், அப்படிப்பட்ட ஒரு புது ஃபிளாட்டில் 26 வயதுப் பெண் இறந்துகிடந்தார். உடன் தங்கியிருந்தவர் மோசமாகப் பாதிக்கப்பட்டார். கூரைக்குள் குழாயின் இணைப்பு சரியில்லாமல், விஷப்புகை வீட்டுக்குள் இறங்கியிருந்தது. பழைய ஓட்டை வீடல்ல, புத்தம் புதுசு!

அதே வருஷம் அரசுத் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. 2009-ல் கார்கி இருந்த இடத்தில் 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்' உட்கார்ந்தது. கூரையில் 300 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல் திறப்பு வைக்க வேண்டும், எந்த இணைப்பும் அதிலிருந்து 1.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கெடு, 2012 டிசம்பர் 31. ஓரடிச் சதுரத்துக்கு ஓட்டை போட இத்தனை வருஷமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால், ஏற்கெனவே குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் வெட்டியாக வேண்டும். செலவு யார் தலையில்?

2013 ஜனவரி 1 முதல், திறப்பு இல்லாத வீட்டுக்கு வரும் மெக்கானிக் அந்த பாய்லரை 'ஆபத்துக்கு இடமுள்ளது' என்று வகைப்படுத்தி, வீட்டுக்காரர் அனுமதியோடு அணைத்துவிடுவார். முடியாது என்று வீட்டுக்காரர் முறுக்கினால்? பாய்லரில் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி, ஒரு நோட்டீஸும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார்.