பூட்டப்பட்ட குரல்

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகைமொழியை விலக்கி வாய்ப்பேச்சையே பயிற்றுவிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலன் உள்ளவர்கள். அதன்பின் பல நாடுகளில், கைகளால் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க அம்மாநாட்டு மரபுக்கு 130 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2010இல் வான்கூவரில்தான் அது நிகழ்ந்தது.

அதே 2010இல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. வாய்ப்பேச்சு இயலாதோர் படங்களையோ சொற்களையோ தொட்டால் உரக்கச் சொல்லும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் விலை பல்லாயிரம் டாலர். ஒரு கைக்கணினியும் ஒரு செயலியும் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது பெரும் திருப்பம். சென்னையில் வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகி உருவான 'ஆவாஸ்' இவ்வரலாற்றில் நம் பங்கு.

ஆனால் குரலைப் பூட்டிவைக்கும் வழக்கம் ஒழியவில்லை. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2001இல் பேச்சுக் கருவிகளுக்குப் பணம் தர முன்வந்தபோது, அவை பேசுவதற்கு மட்டுமே பயன்பட வேண்டுமென நிபந்தனை விதித்தது. பேசும் கருவிக்குள்ளேயே மின்னஞ்சல் போன்ற வசதிகள் முடக்கப்பட்டன. கடிதம் எழுதுவதும் பேச்சின் நீட்சியே என்பதை அவ்விதி ஏற்றுக்கொள்ள 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பூட்டு வீட்டிலும் வகுப்பறையிலும் இருக்கிறது. விளையாட்டும் காணொளியும் அதே திரையில் இருப்பதால், 'இன்றைக்குப் போதும்' என்று கருவியையே வாங்கி வைத்துவிடுகிறோம். அடம்பிடித்தால் தண்டனையாகவும் பறிக்கிறோம். பெற்றோரின் கவலை பொய்யல்ல. திரையிலேயே ஆழ்ந்துபோகும் பிள்ளையைக் கண்டு அஞ்சாதவர் யார்? எனினும் பறிக்கப்படுவது விளையாட்டு மட்டுமன்று. 'வலிக்கிறது', 'வேண்டாம்', 'ஏன் பிடுங்கினாய்' என்ற சொற்களும் சேர்ந்தே போகின்றன. பேசும் பிள்ளைக்கோ, பொம்மையைப் பறித்தாலும் அழுது வாதாட நாக்கு மிஞ்சுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2012 முதலே ஐபேடை ஒரே செயலியில் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. விளையாட்டுக்கு வேறொரு கருவி வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றும் நேரத்துக்கும் குளியலறைக்கும் அதே சொற்களை அச்சிட்ட அட்டை போதும். வரம்பு விளையாட்டுக்கு இருக்கட்டும். சொற்கள் பிள்ளையின் கையெட்டும் தூரத்திலேயே, உறங்கும் வரையில், இருக்க வேண்டும். மிலானின் பிழையை உணர 130 ஆண்டுகள் ஆயின. நம் வீட்டுப் பிள்ளையின் பிள்ளைப்பருவம் அவ்வளவு நீளமானதன்று.