நிமிர்த்தும் பட்டகம்
வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கியைப் பகலில் நிலக்காட்சிகளுக்குப் பயன்படுத்தும்போது பிம்பத்தை நேராக்கித் தரும் துணைக்கருவி. 1611-இல் கெப்ளர் விளக்கிய இரு குவிவில்லை அமைப்பு, பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டும். விண்மீன்களைப் பார்க்க இது குறையல்ல. கிளைவிட்டுக் கிளை தாவும் பறவையைத் தொடர்வோருக்குப் பெருந்தொல்லை. சாய்வாடி பொருத்தினால் தலைகீழ் நிமிரும். ஆனால் பெயர்ப்பலகை எழுத்துகள் இடவலம் மாறியே தெரியும்.

இரண்டையும் திருத்துவது, இத்தாலிய ஒளியியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா அமீச்சியின் (1786–1863) பெயரால் வழங்கும் கூரைப் பட்டகம். அதன் ஒரு முகம், 90 பாகையில் சந்திக்கும் இரு சரிவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். இக்கோணம் இம்மியளவு பிசகினாலும் பிம்பம் இரட்டையாகும். நல்ல பட்டகத்தின் விலை அதனால்தான் கூடுதல். கூரையின் விளிம்பு பிரகாசமான விண்மீன்மீது ஒளிக்கோடு ஒன்றை இழுப்பதால், இரவில் இதைக் கழற்றிவிடுவதே நல்லது.

தொலைவிலுள்ள மரம், மலைகளுக்கு 45 பாகை வகை கழுத்துக்கு இதமானது. நண்பகலில் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று காட்சியை நெளியச் செய்வதால், குறைந்த உருப்பெருக்கமே தெளிவு தரும். தகுந்த வடிகட்டியின்றிச் சூரியன் பக்கம் திருப்பினால் பார்வை பறிபோகும்.