பூ பிரபாத்
வடகிழக்குத் தாய்லாந்தின் உடோன் தானி மாகாணத்திலுள்ள மணற்பாறை மலை. 2024இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. இங்குள்ள பாறையொன்றின் ஒருபுறம் செந்நிற மாடுகள், மறுபுறம் மனித உருவங்கள்: வரலாற்றுக்கு முந்தைய கைவண்ணம். நெடுங்காலம் கழித்து, துவாராவதி காலத்தில் (7–11ஆம் நூற்றாண்டுகள்), பௌத்தர்கள் அதே மலையில் சீமைக்கற்களை நட்டனர். சீமை என்பது பிக்குகள் சங்கச் சடங்குகளை நடத்தும் இடத்தின் எல்லை. மழைக்கு ஒதுங்கவே பாறைகளை நாடினர் எனலாம். ஆனால் ஒதுங்குவதற்கு எல்லைக்கல் எதற்கு? காளான்போல் நிற்கும் ‘ஹோ நாங் உசா’ பாறையைக் கற்கள் வளைத்து நிற்பது, பாறையையே ஆலயமாகக் கொண்டதைக் காட்டுகிறது. ஓவியர்களின் நம்பிக்கை பிக்குகளை வந்தடைந்தது என்பதற்கு இது சான்றாகாது. தொடர்ந்தது இடத்தின் மதிப்பே. உஷை–அநிருத்தன் கதை (பாறையின் பெயரிலுள்ள ‘உசா’, பாணாசுரன் மகள் உஷையேதான்) இப்பாறையில் குடியேறியதும் அவ்வாறே.