குமாமோன்

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள குமாமோட்டோ மாகாண அரசின் விளம்பரச் சின்னம். கன்னம் சிவந்த கருங்கரடி. கியூஷூ ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை 2011 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்படவிருந்தது. பயணிகள் குமாமோட்டோவில் இறங்காமலே போய்விடுவார்களோ என்ற கவலையில் 2010இல் இது உருவாக்கப்பட்டது. வடிவமைத்தவர் மிசுனோ மனாபு. ஆலோசகர் எழுத்தாளர் கோயாமா குண்டோ. கரடி வேடமிட்டவர் ஒசாகா தெருக்களில் நின்று விசிட்டிங் கார்டு விநியோகித்தார். பின்னர் விற்பனைப் பிரிவுத் தலைவர் பதவியும் கரடிக்கே வழங்கப்பட்டது. 2011இல் ஜப்பானின் ஊர்ச்சின்னங்களுக்கான தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது.

உருவத்தின் அழகைவிட உரிமக் கொள்கையே இதன் வெற்றிக்குப் பெரிய காரணம். மாகாணத்தையோ அதன் விளைபொருளையோ முன்னிறுத்தும் உள்நாட்டு நிறுவனம் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் போதும்; படத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ராயல்டி வருமானத்தை அரசு விட்டுக்கொடுத்ததால், தக்காளிப் பெட்டி முதல் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வரை குமாமோட்டோவின் பெயர் நாடெங்கும் கடைகளுக்குச் சென்றது. விளம்பரச் செலவைப் பொருள் விற்பவர்களே சுமந்தார்கள். சிறிய உள்ளாட்சிகளும் பின்பற்றத்தக்க சிறந்த ஏற்பாடு இது.

2016 ஏப்ரலில் குமாமோட்டோவைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் குமாமோனின் பொது நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. மே மாதம் பாதிக்கப்பட்ட குழந்தைகளைச் சந்திப்பதில் பணி மீண்டும் தொடங்கியது.