லூசியா ஹாரிஸ்: களத்தில் கிடைத்த இடமும் பயிற்சியாளர் நாற்காலியும்

விளையாட்டு வரலாற்றைத் திறமையின் கதையாக மட்டுமே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை, கடும் உழைப்பு, பதக்கம் என்று கதை முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது யார்? பதக்கத்துக்குப் பிறகு என்ன வேலை கிடைத்தது? இந்த இரண்டு கேள்விகளும் அதில் வருவதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை லூசியா ஹாரிஸின் வாழ்க்கையை நாம் இந்தக் கேள்விகளோடு படிப்போம்.

1955 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டியில், பருத்தி விளையும் பூமியில், ஒரு கறுப்பின விவசாயக் குடும்பத்தில் லூசியா பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் பத்தாமவர். அதே ஆண்டு ஆகஸ்டில், அவர் பிறந்த லெஃப்ளோர் கவுன்டியில்தான் எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை நள்ளிரவில் வீடு புகுந்து கடத்திப்போய்க் கொன்றார்கள். குற்றவாளிகளை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது.

1973இல் லூசியா டெல்டா ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார். 1967 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத கல்லூரி அது. 1969 மார்ச்சில் அங்கே கறுப்பின மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். கறுப்பின ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. 52 பேரைக் கைது செய்து, கொடுமைக்குப் பேர்போன பார்ச்மன் சிறைக்கு அனுப்பியது அரசு. அந்த வளாகத்துக்குத்தான் நான்கு ஆண்டுகள் கழித்து லூசியா வந்தார்.

பெண்களுக்கான கதவும் அப்போதுதான் திறந்தது. பெண்களின் உடல் தாங்காது என்று சொல்லி 1932இல் அந்தக் கல்லூரி தன் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கலைத்திருந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் ‘டைட்டில் 9’ சட்டம் 1972இல் வந்தது. அடுத்த ஆண்டே அணி மீண்டும் உருவானது. 1932இல் கலைக்கப்பட்ட அணியில் ஆடிய மார்கரெட் வேட்தான் புதிய அணியின் பயிற்சியாளர். அணியின் ஒரே கறுப்பினப் பெண் லூசியா.

அதன் பிறகு நடந்தது சாதனை வரலாறு. 1975, 1976, 1977 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய சாம்பியன் பட்டம். லூசியா குவித்தவை 2,981 புள்ளிகள், 1,662 ரீபவுண்டுகள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதன் முதல் புள்ளிகளை எடுத்தவர் லூசியா. அமெரிக்க அணி வெள்ளி வென்றது. கல்லூரியில் அவர் ஆடிய அரங்கின் பெயர் வால்டர் சில்லர்ஸ் கொலிசியம். நிறப்பிரிவினையைக் கட்டிக்காத்த சட்டமன்ற சபாநாயகரின் பெயர் அது!

கல்லூரி முடிந்ததும் என்ன? பெண்களுக்குத் தொழில்முறை லீக் எதுவும் அப்போது இல்லை. 1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் அணி ஏழாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. கருவுற்றிருந்த லூசியா அந்த அழைப்பை ஏற்கவில்லை. படித்த கல்லூரியிலேயே மாணவர் சேர்க்கை அலுவலராகவும் உதவிப் பயிற்சியாளராகவும் வேலை செய்தார். இடையில் 1979-80இல் பெண்கள் லீக்கில் ஒரு பருவம் ஆடினார். அந்த லீக்கும் 1981இல் மூடப்பட்டது.

1980களின் நடுவில் இரண்டு ஆண்டுகள் ஹூஸ்டனில் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பிறப்பையும் நாம் அறிய வேண்டும். ஹேமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு வழக்குப் போட்டார். அவரை உள்ளே விடாமல் இருக்க, கறுப்பினத்தவருக்கென்று 1947இல் அரசு தனியே அமைத்த நிறுவனம் அது.

அதே வெள்ளிப் பதக்க அணியில் ஆடிய வெள்ளையினப் பெண் பாட் சம்மிட். 22 வயதிலேயே டென்னசி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 38 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்து 1,098 வெற்றிகளைப் பெற்றார். அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. லூசியாவைப் பின்னாளில் இருமுனை மனநோயும் வாட்டியது. எல்லாவற்றுக்கும் நிறவெறி ஒன்றே காரணம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு 38 ஆண்டுகள், இன்னொருவருக்கு இரண்டு ஆண்டுகள் என்பதைத் திறமையின் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியுமா?

நம் நாட்டிலும் இது பழைய கதைதான். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, ‘இந்துக்கள்’ அணியின் முறையான தலைவராக ஆக்கப்படவே இல்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அந்தப் பதவி கிடைத்தது. வெற்றிக்கு நம் உடல் வேண்டும். முடிவெடுக்க நம் மூளை வேண்டாம் என்பதே ஆதிக்கத்தின் கணக்கு.

1992இல் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் லூசியாவின் பெயர் சேர்ந்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 2022 ஜனவரியில் மறைந்தார். இரண்டு மாதம் கழித்து அவரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது. கல்லூரிக் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்ற கறுப்பினப் பெண் பயிற்சியாளரைக் காண 1999 வரை, கேரோலின் பெக் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு டான் ஸ்டேலி தென் கரோலினாவை 2017, 2022, 2024 ஆண்டுகளில் சாம்பியன் ஆக்கினார்.

1969இல் சிறை சென்ற அந்த 52 பேர் வகுப்பறையில் உட்கார இடம் மட்டும் கேட்கவில்லை. பாடம் நடத்தும் இடத்தையும் கேட்டார்கள். நம் கல்லூரியில் நம் பிள்ளைகள் கோப்பை வாங்கும்போது கைதட்டுவோம். கூடவே, பயிற்சியாளர் யார், தேர்வுக் குழுவில் இருப்பவர் யார் என்று எழுந்து நின்று கேட்போம்.