ஆயுதம் ஏந்தும் உரிமை: பினாங்கு வரலாற்றில்

குடிமக்கள் படைக்கலம் வைத்திருப்பதையும் ஏந்துவதையும் அரசியலமைப்பே காப்பது ஆயுதம் ஏந்தும் உரிமை எனப்படும். இன்று இதைக் கேட்டதும் அமெரிக்காதான் நினைவுக்கு வரும். பினாங்கில் இப்படியோர் உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அந்த உரிமையைப் பிறப்பித்த கேள்வி, அரசின் படைக்கு முன் குடிமக்கள் வெறுங்கையோடு நிற்கலாமா என்பது, இத்தீவிலும் பலமுறை எழுந்தது. அவற்றில் முதலாவது தமிழர் கதை.

உரிமையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அமைதிக்காலத்திலும் நிலைப்படை வைத்துக்கொண்டு, புராட்டஸ்டண்டுகளின் ஆயுதங்களைப் பறித்தார் என்பது நாடாளுமன்றத்தின் குற்றச்சாட்டு. அவர் வீழ்ந்தபின் வந்த 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் புராட்டஸ்டண்டுகள் ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இந்த அச்சத்தை மரபாகப் பெற்றன. 1791இல் நிறைவேறிய இரண்டாம் திருத்தம், ஒழுங்கமைந்த குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று காரணம் சொல்லிவிட்டே மக்களின் உரிமையைப் பேசுகிறது. மைய அரசு பெரும்படை திரட்டி மாநிலங்களின் குடிப்படைகளை முடக்கிவிடக் கூடாது என்பதே அன்றைய முதன்மைக் கவலை. 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டம் 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளையர் சொந்தத் துப்பாக்கியோடு பணிக்கு வர வேண்டும் என்றது. அடிமைப்பட்ட கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. தற்காப்புக்காகத் தனிமனிதர் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதும் இவ்வுரிமையில் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008இல்தான்.

அமெரிக்க விடுதலைப் போரில் 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ். ஐந்தே ஆண்டுகளில் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அதே 1786 ஆகஸ்ட்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஜார்ஜ் டவுன் கடற்கரைக் கோட்டைக்குக் காரன்வாலிஸ் பெயரே வைக்கப்பட்டது. படை கம்பெனியுடையது, குடிகளுக்கு அதில் பங்கில்லை.

தென்தமிழகத்தில் நிலைமை வேறாக இருந்தது. பாளையங்களில் காவல்முறை ஊர்தோறும் ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்திருந்தது. எழுதப்பட்ட உரிமை அல்ல அது, வழக்கம். என்றாலும் அமெரிக்கர் காக்க நினைத்த குடிப்படைக்கு மிக நெருங்கியது என்றே சொல்ல வேண்டும். 1801இல் மருது சகோதரர்கள் தலைமையில் கம்பெனிக்கு எதிராக நடந்த கிளர்ச்சி தோற்றது. அக்டோபர் 24 அன்று அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, கம்பெனியின் அனுமதியின்றி ஆயுதம் ஏந்துவதைத் தென்சீமையில் தடைசெய்தது. மீறினால் மரண தண்டனை. ஒரு நாட்டுப்புறத்தையே நிராயுதபாணியாக்கிய ஆணை இது.

தூக்கிலிருந்து தப்பிய சுமார் எழுபது பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் இறக்கப்பட்ட இடம் பினாங்கு. சிவகங்கையின் வேங்கம் பெரிய உடையணத் தேவர், பாஞ்சாலங்குறிச்சியின் தளவாய் குமாரசாமி நாயக்கர், சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி ஆகியோர் அவர்களில் அடங்குவர். கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், இளமையில் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். பின்னர் அதே மருதுவுக்கு எதிரான போரிலும் இருந்தார். 1818இல் அவர் பினாங்கில் துரைசாமியைக் கண்டபோது, சிறுவனாகப் பார்த்தவரை அடையாளம் தெரியாத அளவுக்கு முதுமை தட்டியிருந்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பினாங்குத் தமிழர் வரலாறு பெரும்பாலும் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களிலும் தோட்டத் தொழிலாளர்களிலும் தொடங்கிச் சொல்லப்படுகிறது. ஆயுதம் பறிக்கப்பட்டு வந்த இவர்களுக்கும் அதில் உரிய இடம் தரப்பட வேண்டும்.

ஆயுதம் அரசின் கையில் மட்டுமே இருந்தால் அமைதி நிலைக்கும் என்ற வாதத்தை 1867 ஆகஸ்ட் சோதித்தது. கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கமும் வெள்ளைக் கொடியினரும் ஒருபுறம், தோ பே கோங் என்ற அதன் போட்டிச் சங்கமும் சிவப்புக் கொடியினரும் மறுபுறமாக ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஏறத்தாழப் பத்து நாள் மோதினார்கள். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களோடு தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். துப்பாக்கியும் பீரங்கியும் இருதரப்பிலும் இருந்தன. அரசிடம்தான் போதிய படை இல்லை. இதன் விளைவாக 1869இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. இங்கே ஆயுதம் தாங்கிய குழுக்கள் கொடுங்கோலை எதிர்க்கவில்லை, ஒன்றையொன்று கொன்றன. இரண்டாம் திருத்தத்தைப் போற்றுவோர் இந்த நிகழ்வையும் எடைபோட வேண்டும்.

1899இல் உருவான பினாங்குத் தொண்டர் படை குடிப்படையின் சாயல் கொண்டதே. ஆனால் துப்பாக்கி அரசுடையது, கட்டளையும் அரசுடையது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியதும் ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டார்கள். ஆசிய மக்கள் கைவிடப்பட்டார்கள். இலங்கைத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து கோட்டையின் பிரிட்டிஷ் கொடியை இறக்கி, சேவைக் குழு அமைத்து நகரில் ஒழுங்கைக் காத்தார்.

போருக்குப் பின் சட்டம் மேலும் இறுகியது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகால விதிகளின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே மரண தண்டனைக் குற்றம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. அதே காலத்தில் தோட்டங்களிலும் மலாய்க் கிராமங்களிலும் சிறப்புக் காவலர்களுக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் அரசே துப்பாக்கி வழங்கியது.

இந்தியாவில் இவ்வுரிமை அரசியலமைப்பின் வாசல்வரை வந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் மீதிருந்த கோபத்தால், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் இதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இதற்காகத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. இந்திய அரசியலமைப்பில் நிலைத்தது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இந்திய நீதிபதி பி. மாலிக்கும் இடம்பெற்றிருந்த ரீட் ஆணையத்தின் வரைவுக்குப் பின் பிறந்த 1957ஆம் ஆண்டு மலாயா அரசியலமைப்பின் 10ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. குடிமகனின் உரிமையாக இரு நாடுகளும் ஏற்றது வெறுங்கைக் கூட்டத்தை மட்டுமே.

அப்படியானால் அரசின் மிகையிலிருந்து குடிமகனைக் காப்பது எது? பினாங்கு அதை நீதிமன்றத்தில் கேட்டது. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவு பாதுகாப்புப் பகுதிகளில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே இத்தண்டனை விதிக்கப்பட்டது; 1975ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்கு விதிகள் சிறார் சட்டத்தின் பாதுகாப்பை அகற்றியிருந்தன. மக்கள் கொதித்தார்கள், பின்னர் அவன் தண்டனை மாற்றப்பட்டது. பினாங்கிலிருந்து சென்ற தே செங் போ வழக்கில் 1978 டிசம்பரில், இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்த விதிகளே செல்லாது என்றது: 1971இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடிய பிறகு அவற்றைப் பிறப்பிக்க மாமன்னருக்கு அதிகாரமில்லை. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் முன்தேதியிட்டு அவற்றைச் செல்லுபடியாக்கியது.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு துப்பாக்கிகள் (கடுந்தண்டனை) சட்டமும் நடப்பில் உள்ளன. துப்பாக்கிக்கு உரிமம் தருவது காவல்துறை. குற்றம் புரியும்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு மரணம் 2023 ஜூலை முதல் கட்டாயமில்லை; தண்டனையை நீதிபதி முடிவு செய்யலாம்.