லிமிடெட் கம்பெனியும் மகளிர் சங்கமும்

ஓசூர் சிப்காட் சாலையில் நடந்தால் பெரும்பாலான பெயர்ப் பலகைகள் ஒரே சொல்லில் முடியும்: லிமிடெட். தமிழில் ‘வரையறுக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம். எது வரையறுக்கப்பட்டது என்பதைப் பலகை சொல்வதில்லை. வரையறுக்கப்பட்டது பொறுப்பு. நிறுவனம் நொடித்தால் பங்குதாரர் தான் போட்ட பணத்தை மட்டுமே இழப்பார். அவருடைய வீட்டையும் நகையையும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. இங்கிலாந்தில் 1855இலும் இந்தியாவில் 1857இலும் சட்டமான இந்த ஏற்பாடு, நட்டத்துக்கு அஞ்சாமல் தொழிலில் இறங்கும் துணிவை முதலாளிகளுக்குத் தந்தது.

இதே ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் கையெழுத்திடும் கடன் படிவங்களில் வேறொரு சொல் இருக்கிறது: கூட்டுப் பொறுப்பு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். இந்த இரண்டு சொற்களும் ஒரே மண்ணில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வேர்விட்டன. பொருளாதாரம் தளர்ந்தபோது அவை யாரைக் காத்தன, யாரைக் காக்கவில்லை என்று கேட்பது பெண்களின் வரலாற்றுக்கு உரிய கேள்வி.

ஓசூரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1970களில் வந்த சிப்காட் வளாகத்தில் தொடங்குவார்கள். 1980இல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட், 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் என்று அந்த வரிசை போகும். பெங்களூருக்குப் பக்கத்தில், ஜூஜூவாடி எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைத்த மலிவான நிலமும் அரசு சலுகைகளும் காரணங்களாகச் சொல்லப்படும். தலைமை என்றால் இந்த வரலாற்றில் தலைவர்களும் நிர்வாக இயக்குநர்களும்தான்.

இன்னொரு வரிசையும் உண்டு. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதுவரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில் இருந்தன. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது அந்தத் தருமபுரியில். தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்களுக்கு இந்த வறண்ட மாவட்டமே பிறந்த வீடு. நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது 1992இல். மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது 1997க்குப் பிறகு. ஊரில் இதை யாரும் சுய உதவிக் குழு என்பதில்லை, ‘சங்கம்’ என்பார்கள். சேமிப்பு, உள்கடன், வட்டி, வசூல், தீர்மானம் எல்லாவற்றையும் பெண்களே நடத்தினார்கள். இதை நான் நிதி நிர்வாகம் என்றே அழைப்பேன்.

இரண்டு வரிசைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1990களில் மைராடா தொண்டு நிறுவனமும் டைட்டனும் துணைநிற்க, ஓசூர்ப் பகுதிச் சங்கங்களின் பெண்கள் ‘மெடோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கைக்கடிகாரப் பட்டைகளின் கண்ணிகளைக் கோப்பது போன்ற வேலைகளை எடுத்துச் செய்தார்கள். அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவே பதிவும் செய்தார்கள். சங்கத்துப் பெண்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். ‘லிமிடெட்’ என்ற சொல்லின் பாதுகாப்பு உழைக்கும் பெண்களுக்கும் எட்டக்கூடியதுதான் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த வாசலைக் கடந்தவர்கள் சிலர். மற்றவர்கள் கூட்டுப் பொறுப்பிலேயே இருந்தார்கள். பின்னாளில் அந்தச் சொல்லை நுண்கடன் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. சங்கத்தில் பெண்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே ஆண்டார்கள். நுண்கடன் குழுவில் அவர்களுக்கு மிஞ்சியது ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் வேலை மட்டும்.

2019இல் வாகனத் தொழில் சரிந்தது. அந்த ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிட 31.57 விழுக்காடு குறைந்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் வேலையில்லா நாட்களை அறிவித்தது: எண்ணூருக்கு 16, ஓசூருக்கு 5. அதே செப்டம்பர் 20 அன்று ஒன்றிய அரசு, மற்ற சலுகைகளைத் துறக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரியை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. இதனால் அரசு இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே சொன்னது.

பெரிய ஆலை ஐந்து நாள் நின்றால் அதற்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்கு ஆர்டர் நிற்கும். ரப்பர் பாகங்களில் பிசிறு வெட்டுவது, ஒயர்களைக் கட்டுவது, பேக்கிங் ஆகிய வேலைகளில் அங்கே பெண்கள் இருக்கிறார்கள். வேலை நிறுத்திவைக்கப்பட்டால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்றது அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். ஆனால் 50 பேருக்குக் குறைவானவர்கள் வேலைபார்க்கும் பட்டறைக்கு அந்த விதி பொருந்தாது. ஓராண்டு பணி முடிக்காதவருக்கும் பொருந்தாது. ஒப்பந்தத்தில் வந்து போகும் பெண்ணுக்கு அந்த நாட்களில் கூலியும் இல்லை, ஈடும் இல்லை. டியூ மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. நான் தமிழ் படித்தவள். சட்டத்தைப் படிக்கும்போதும் என் கண் முதலில் வினைச்சொல்லுக்குப் போகும். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அறிவித்தது; பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அந்த அறிக்கையின் வினை ‘அனுமதிக்கப்படுகிறது’ என்பது. ஒத்திவைக்கும்படி கடன் கொடுத்தவருக்குக் கட்டளை இல்லை, அனுமதிதான். ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. ஜூன் மாதம் திவால் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மார்ச் 25 முதல் குறிப்பிட்ட காலத்தில் நிறுவனங்கள் தவறிய கடனுக்காக அவற்றின் மீது திவால் மனு ‘ஒருபோதும்’ தாக்கல் செய்யக் கூடாது என்றது அது. ஆறு மாதமாகத் தொடங்கிய அந்தக் காலம் பின்னர் ஓராண்டாக நீண்டது. நிறுவனத்துக்கு ‘ஒருபோதும்’, பெண்ணுக்கு, கடன் கொடுத்தவர் மனம் வைத்தால்.

மனம் வைக்காதபோது என்ன நடந்தது என்பதை என் மாணவிகள் அறிவார்கள். எழுத்தறியாத அம்மாக்களுக்காகச் சங்கத்துத் தீர்மான நோட்டை எழுதுகிறவர்கள் அவர்கள். ஒருத்தியின் தவணையை மற்றவர்கள் பகிர்ந்து கட்டிய கணக்கு அவர்கள் கையெழுத்தில் இருக்கிறது. யார் தோட்டை அடகு வைத்தது, யார் வீட்டு அரிசி யார் வீட்டுக்குப் போனது என்பது அதில் இல்லை. அதை அவர்கள் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். மந்தகாலத்தை ஒரு நிறுவனம் எப்படிக் கடந்தது என்று ஆண்டறிக்கை சொல்லும், அதை நூலகங்கள் பாதுகாக்கும். தீர்மான நோட்டுகளைக் கரையான் தின்கிறது.

தமிழக அரசு 2021இல் கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்தது. 2025இல் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் முதலாவது கருணை. இரண்டாவது வசூலிக்க வருபவரின் நடத்தையைப் பற்றியது. ஒருத்தியின் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று இரண்டும் சொல்லவில்லை. 1857இல் பங்குதாரருக்குச் சட்டம் அதைச் சொல்லிவிட்டது. பெண்கள் கையெழுத்திடும் படிவத்திலும் அப்படி ஒரு வரி வேண்டும். தன் கடனுக்கு இவள் பொறுப்பு, பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்கு அல்ல; ஆலை நின்ற நாளுக்கும் அல்ல.